நைட் ஷிஃப்ட் வீட்டுக் குழந்தை

என் மகள் பிறந்த புதிதில் எங்கள் தெருவில் அவளுக்கு இருந்த நல்ல பெயர் வேறு எந்தப் பிள்ளைக்கும் இருந்ததில்லை. அழமாட்டாள். பகலெல்லாம் தூங்குவாள். பார்க்க வந்தவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "என்ன சமத்து! அப்பா நைட் ஷிஃப்ட்னு தெரிஞ்சு தூங்குது பாரு" என்று கன்னத்தை வழித்து விட்டுப் போவார்கள். நானும் வாயெல்லாம் பல்லாக நிற்பேன். பிள்ளை அழவில்லை என்றால் நிம்மதியாக இருக்கிறது என்றுதானே யாரும் நினைப்பார்கள்?

நெய்வேலியில் ஷிஃப்ட்காரர் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டால் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது சமையல் இல்லை, சத்தம் போடாமல் இருப்பது. நான் காடாம்புலியூர்ப் பக்கத்துப் பெண். எங்கள் வீட்டில் சாதாரணமாகப் பேசிக்கொள்வதே அடுத்த தோப்பில் சண்டை போலக் கேட்கும். என் வீட்டுக்காரர் தென்காசிப் பக்கம். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டில் வேலை. விடிய விடிய ஓடுகிற பெல்ட்டின் பக்கத்தில் நிற்கிற ஆள் கண் அசந்தால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. அதனால் நைட் ஷிஃப்ட் முடித்து வருகிறவரின் பகல் தூக்கத்துக்கு எங்கள் தெருவில் சாமிக்குக் கொடுக்கிற மரியாதை உண்டு. படுக்கையறை ஜன்னலுக்கு அட்டைப் பெட்டியை வெட்டி ஒட்டி, மேலே கெட்டிப் போர்வையைத் தொங்கவிடுவோம். காலிங் பெல்லை அணைத்துவிடுவோம். கேட்டில் ஒரு பழைய துண்டைக் கட்டிவிட்டால், கீரை விற்கிற அம்மாகூட எங்கள் வீட்டைத் தாண்டிப் போய்த்தான் வாயைத் திறப்பார். குக்கர் விசில் வந்துவிடுமே என்று சோற்றைப் பானையில் வடிக்கிற வீடுகளும் உண்டு. எங்கள் வீடும் அதில் ஒன்று.

முதல் பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போவதுதான் வழக்கம். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அம்மாவுக்கு அந்த மாதம் பார்த்தா கண் ஆபரேஷன் வர வேண்டும்? மாமியார் வந்து ஒரு வாரம் இருந்தார். பிறகு மூத்த மகளுக்கும் பிரசவ நேரம் என்று தென்காசிக்கு பஸ் ஏறிவிட்டார். என்னைத் தனியாக விட மனசில்லாமல் என் வீட்டுக்காரர் ஒரு காரியம் செய்தார். கூட வேலை பார்க்கிற ஒருவரிடம் பேசி, தன் பகல் ஷிஃப்ட்டை அவருக்குக் கொடுத்துவிட்டு, அவருடைய நைட் ஷிஃப்ட்டையும் சேர்த்து இவரே வாங்கிக்கொண்டார். இங்கே அதற்கு மியூச்சுவல் என்று பெயர்.

"நைட்டு ஷிஃப்ட் முழுக்க நானே பாத்துக்கிடுதேன். பகல்ல உங்கூட இருக்கலாம்லா" என்றார்.

இருந்தார். குறட்டை விட்டுக்கொண்டு கூடவே இருந்தார். கோடைக்காலம். ஏர்கூலர் இருந்ததே அந்த ஒரு அறையில்தான். பிள்ளைக்கும் அங்கேயே தூளி கட்டினேன். வெளியே வெயில் கொளுத்த, உள்ளே கும்மிருட்டில் அப்பனும் மகளும் தூங்குவார்கள். நான் செருப்பு போடாத காலோடு, கொலுசையும் கழற்றி வைத்துவிட்டு, என் வீட்டிலேயே திருடி மாதிரி நடந்துகொண்டிருப்பேன்.

அவள் லேசாகச் சிணுங்கினால் போதும், ஓடிப்போய்த் தூளியை ஆட்டிவிடுவேன். நாலு ஆட்டு ஆட்டினால் அடங்கிவிடுவாள். அவரும் எழமாட்டார். ஒரே நேரத்தில் ரெண்டு பேர் தூக்கத்தையும் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்குப் பெருமை வேறு. அவர் வேலைக்குப் போன பிறகு அவள் ஓரிரு தடவை கண் விழித்துக் கொஞ்சம் குடிப்பாள். எனக்கோ மார்பு கட்டிக்கொண்டு வலித்தது. ரவிக்கை நனைந்துகொண்டே இருந்தது. பால் இவ்வளவு இருக்கும்போது பிள்ளைக்கு என்ன குறை என்று அதையும் நல்லதாகவே எடுத்துக்கொண்டேன்.

எடை பார்க்க ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருந்த நாள் வந்தது. அவர் தூங்கட்டும் என்று எதிர் வரிசை வீட்டு அக்காவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ஆட்டோவில் போனேன். அக்காவுக்கு ஊர் ஈரோடு. அவர் வீட்டுக்காரருக்குப் பகல் நேர வேலை. பையன் வெளியூரில் ஹாஸ்டலில் படிக்கிறான். அதனால் பகலில் அக்கா தனி ஆள், எதற்குக் கூப்பிட்டாலும் முந்தானையை உதறிக் கட்டிக்கொண்டு வந்துவிடுவார்.

டாக்டரம்மா பிள்ளையைத் தராசில் போட்டார். எடுத்தார். மறுபடியும் போட்டார். பிறந்தபோது இருந்த எடைகூட இல்லை.

"எப்பப்பப் பால் குடுக்கறீங்க?"

"கேக்கும்போதெல்லாம் குடுக்கறேங்க மேடம்."

"எப்பப்பக் கேக்கறா?"

"அவ ரொம்ப சமத்துங்க. கேக்கவே மாட்டா" என்றேன். சிரித்துக்கொண்டு வேறு சொன்னேன்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. ஒன்றுக்கு எத்தனை தடவை போகிறாள், என்ன நிறம் என்று கேட்டார். ரெண்டு மூன்று துணிதான் நனைகிறது, கொஞ்சம் மஞ்சளாக இருக்கிறது என்றேன். கண்ணை விலக்கிப் பார்த்தார், வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். நோய் ஒன்றும் இல்லை, பிள்ளை குடிக்கிற பால் போதவில்லை என்றார்.

"பசிச்சா அழணுமே மேடம். இவ அழுவலையேங்க."

"நல்லாக் குடிக்கிற குழந்தைதாம்மா பசிச்சா நல்லா அழும். குடிக்கிற பால் குறைஞ்சு போச்சுன்னா அழறதுக்கே தெம்பு இருக்காது. தூங்கும். தூங்குறதால இன்னும் குடிக்காது. அழறதுங்கிறது கடைசி. அதுக்கு முன்னாடியே அது கேக்கும். வாயத் திறந்து தலையத் திருப்பும். கைய வாயில வச்சுச் சப்பும். லேசாச் சிணுங்கும். இதெல்லாம் நீங்க பாத்ததே இல்லையா?"

பார்த்தேன். பார்த்துவிட்டுத்தானே தூளியை ஆட்டினேன். என் பிள்ளை வாயைத் திறந்து கேட்டிருக்கிறாள், நான் ஆட்டி ஆட்டி வாயை மூட வைத்திருக்கிறேன்.

டாக்டரம்மா ஒவ்வொன்றாகச் சொன்னார். பகலில் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ராத்திரியில் மூன்று மணி நேரத்துக்கு மேல் விடக் கூடாது. தூங்கினால் எழுப்பிக் கொடுக்க வேண்டும். ஒரு பக்கம் நன்றாகக் குடித்த பிறகு மறு பக்கம். அதற்கும் மேல், பாலைப் பீய்ச்சி எடுத்துப் பாலாடைச் சங்கில் கொஞ்சம் புகட்ட வேண்டும். தேன், சர்க்கரைத் தண்ணீர், கிரைப் வாட்டர் எதுவும் கூடாது. "திங்கட்கிழமை வாங்க. அப்பவும் எடை ஏறலைன்னா அட்மிட் பண்ணிடலாம்" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அந்த அட்மிட் என்கிற வார்த்தை மட்டும் காதிலேயே நின்றது.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அக்கா மெதுவாக ஆரம்பித்தார். "போற வழியில டப்பாப் பால் ஒண்ணு வாங்கிக்கலாமா அம்மிணி? பத்தலைன்னா குடுக்கறதுக்கு..."

"டாக்டரம்மா சொன்னத நீங்களும் கேட்டுகினுதானக்கா இருந்தீங்க? எனக்குப் பால் இல்லன்னு யாரு சொன்னா?" என்று எரிந்து விழுந்தேன். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார்.

அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. "இத்தனை கோவம் வருதுல்ல, அப்பத் தெம்பாத்தான் இருக்கற" என்று என் தொடையில் தட்டினார்.

வீட்டுக்கு வந்தால் வீடு இருட்டு. அவர் தூங்கிக்கொண்டிருந்தார். பிள்ளையை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். அங்கேதான் வெளிச்சம் இருந்தது. தரையில் உட்கார்ந்து மார்பில் வைத்தேன். ரெண்டு சப்பு சப்பினாள், கண் செருகிவிட்டது. டாக்டரம்மா சொன்னபடி சட்டையைக் கழற்றினேன், ஈரத்துணியால் காலைத் துடைத்தேன், பாதத்தைச் சுண்டினேன், காது மடலைத் தேய்த்தேன். "ஏந்திரி கண்ணு, ஏந்திரிம்மா" என்று எழுப்பினேன். எப்படித் தெரியுமா? குசுகுசுவென்று! அவர் தூக்கம் கெட்டுவிடக் கூடாதாம், பிள்ளை மட்டும் எழ வேண்டுமாம். உலகத்தில் எந்தப் பிள்ளை குசுகுசுவென்று எழுப்பினால் எழும்? எவ்வளவு நேரம் அப்படிப் போராடினேனோ தெரியாது. அவள் உதடு அசையவே இல்லை. எனக்கு ஆத்திரம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம்.

"ஏந்திரிடீ!" என்று கத்தியேவிட்டேன். கை பட்டு எவர்சில்வர் தட்டு வேறு விழுந்து உருண்டது.

அவர் எழுந்து வந்தார். கண் கோவைப் பழம். "கூறு இருக்கா உனக்கு? இப்பத்தான் கண்ணு அசந்தேன். நைட்டு நான் பெல்ட்டுல நிக்கணுமா வேண்டாமா?"

"உங்க தூக்கத்தக் காப்பாத்திகினு காப்பாத்திகினு எம்புள்ளையப் பட்டினி போட்டுட்டேங்க!"

அழுதுகொண்டே எடை குறைந்ததைச் சொன்னேன், திங்கட்கிழமையைச் சொன்னேன், அட்மிட் என்று சொன்னேன். அவர் திரும்பி உள்ளே போனார். 'இந்த மனுசன் மறுபடியும் படுக்கப் போறாரே, இவரெல்லாம் ஒரு அப்பனா' என்று மனசுக்குள் திட்டினேன், அதுவும் நல்ல வார்த்தையால் இல்லை. உள்ளேயிருந்து பர்ரென்று கிழிகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், ஜன்னல் அட்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். இத்தனை நாள் சேர்ந்த கரித்தூசி அவர் தலையிலும் மெத்தையிலும் கொட்டியது. வெளிச்சம் அறைக்குள் அப்படியே வந்து விழுந்தது.

"புள்ளைய இங்க கொண்டா. நல்லா சத்தம் போட்டு எழுப்பு" என்றார்.

அன்றைக்கு அவர் தூங்கவே இல்லை. மறுநாள் ஹாலில் பாயைப் போட்டுப் படுத்தார். நான் பாத்திரத்தை உருட்ட, ரேடியோ போட, பிள்ளையைக் கொஞ்சிக் கத்த, பாவம் அவர் புரண்டுகொண்டே கிடந்தார். சாயங்காலம் எழுந்து நடந்தபோது கதவு நிலையில் இடித்துக்கொண்டார். இந்தக் கண்ணோடு போய்ப் பெல்ட் பக்கத்தில் நிற்பாரே! லீவெல்லாம் பிரசவத்துக்கே தீர்ந்துவிட்டது. ஷிஃப்ட் மாற்றிக்கொண்டவரிடம் திரும்பக் கேட்கவும் முடியாது, அவர் வீட்டிலும் அவருக்கு ஏதோ அவசரம். இந்தப் பக்கம் பிள்ளை, அந்தப் பக்கம் பெல்ட். யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன்.

எதிர் வரிசை அக்கா அதைப் பார்த்துவிட்டு வந்தார். கதையைக் கேட்டுவிட்டு, "இதுக்கா அம்மிணி இப்படி உக்காந்திருக்கற? தம்பி எங்கூட்டுல வந்து படுத்துக்கட்டும். பையன் ரூமு சும்மாத்தான கெடக்குது" என்றார்.

எனக்குச் சங்கடமாகிவிட்டது. அக்கா தனியாக இருக்கிற வீட்டில் அவர் போய்ப் படுத்தால் தெரு என்ன பேசும் என்று எனக்குத் தெரியாதா? வாய்விட்டுச் சொல்லவும் முடியாமல் இழுத்தேன்.

அக்கா சிரித்தார். "நீ என்ன நெனைக்கறன்னு தெரியுது. நான் எதுக்கு அங்க இருக்கறேன்? நான் உங்கூட்டுக்கு வந்தர்றேன். எனக்கும் உனக்கும் மியூச்சுவல், போ!"

மறுநாள் காலையிலிருந்தே அது நடந்தது. அவர் தலையணையை இடுக்கிக்கொண்டு ரோட்டைத் தாண்டிப் போவார். அக்கா ஒரு கூடையில் அன்றைக்குச் சமைக்க வேண்டிய காய்கறியோடு ரோட்டைத் தாண்டி வருவார். தெருவே வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. பார்க்கட்டுமே! அக்கா வந்த பிறகு எங்கள் வீட்டில் சத்தத்துக்குப் பஞ்சமே இல்லை. மிக்ஸி ஓடும், டிவி சீரியலில் யாராவது யாரையாவது சபித்துக்கொண்டிருப்பார்கள், நடுவில் அக்கா பிள்ளையின் முகத்துக்கு நேரே குனிந்து, "ஏஞ்சாமி, எந்திரீங்கோ, பாலு குடிக்கோணும்" என்று பாடாத குறையாக எழுப்புவார்.

காலையில் தூங்கப் போகும் முன் ஒரு வேளை பாலாடை மட்டும் தன்னுடையது என்று என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். வேலையிலிருந்து வந்ததும் முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுவார். "ரிலீவர் வந்தாச்சு, நீ போய்ப் படு" என்பார். சுரங்கத்தில் அடுத்த ஆள் வந்து நிற்காமல் யாரும் இடத்தை விட்டு நகர முடியாதாம். பாலாடையின் மூக்கை அவள் உதட்டோரம் வைத்து, சொட்டுச் சொட்டாக விட்டு, அவள் விழுங்கினாளா என்று தொண்டையைப் பார்த்து, மறு சொட்டு. முதல் நாள் பாதியைக் கொட்டிவிட்டார். "அது என் ரத்தம்ங்க!" என்று கத்தினேன். உண்மையில் அரை மணி நேரம் பீய்ச்சி எடுத்த பால், அழுகையே வந்துவிட்டது. மறுநாள் ஒரு சொட்டு சிந்தவில்லை.

நனைகிற துணிகள் கூடின. யாருக்காவது இது சிரிப்பாக இருக்கலாம், ஆனால் ஒவ்வொரு ஈரத்துணியையும் நானும் அக்காவும் பிரசாதம் மாதிரி வாங்கினோம். இன்றைக்கும் எங்கள் தெருவில் யாருக்குப் பிள்ளை பிறந்தாலும், யார் ஜாடை என்று பார்ப்பதற்கு முன்னால் "ஒண்ணுக்கு நல்லாப் போவுதா?" என்றுதான் நான் கேட்கிறேன். அந்த வீட்டு மாமியார்கள் முகத்தைச் சுளித்தால் சுளிக்கட்டும்.

திங்கட்கிழமை நான், அவர், அக்கா மூன்று பேரும் பிள்ளையோடு போனோம். அவர் தூங்காமல் நேராக வேலையிலிருந்து வந்திருந்தார். முள் வைத்த தராசாக இருந்திருந்தால் அவரே விரலால் தள்ளியிருப்பார், நல்ல வேளை அது எண் காட்டுகிற தராசு. ஏறியிருந்தது. கொஞ்சம்தான், ஆனால் ஏறியிருந்தது.

"அட்மிஷன் வேண்டாம்" என்றார் டாக்டரம்மா. "ஆனா விட்டுறாதீங்க. பிறந்த எடையைத் தாண்டணும். தாண்டினப்புறம் அவளே பசிச்சு அழுது எழுந்தான்னா, அதுக்கப்புறம் நீங்க எழுப்ப வேண்டியதில்ல. அது வரைக்கும் எழுப்பித்தான் ஆகணும்."

அந்த நாளிலிருந்து அவருக்கு ஒரே கேள்விதான். சாயங்காலம் அக்கா வீட்டிலிருந்து தலை கலைந்து எழுந்து வந்ததும், "இன்னைக்கு அழுதாளா?" என்பார். இல்லை என்பேன். "லேசாக்கூடவா?" லேசாகச் சிணுங்கினாள் என்பேன். சிணுங்கின உடனேயே இப்போதெல்லாம் மார்பில் எடுத்து வைத்துக்கொள்கிறேனே, அது போதாதா என்றால் அவருக்குப் போதாது. "தானா முழிச்சு அழணும்னுல்லா சொன்னாங்க" என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு டீயை எடுத்துக்கொள்வார். அடுத்த முறை போட்ட எடையில் பிறந்த எடையைத் தாண்டிவிட்டாள். அதற்குக்கூட அவர் முழுசாகச் சிரிக்கவில்லை. எனக்கும் உள்ளுக்குள் அதே உறுத்தல்தான். எடை நாங்கள் எழுப்பி எழுப்பி ஏற்றியது. இவளுக்கே பசிக்கிறதா, இவளுக்கே வேண்டியிருக்கிறதா என்பது இன்னும் தெரியவில்லை.

அடுத்த ரெண்டு நாளில் ஒரு மத்தியானம், கொல்லையில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். எங்கேயோ ஒரு பிள்ளை வீல் என்று கத்தியது. யார் வீட்டுப் பிள்ளையோ, இப்படி விட்டுவிட்டு எங்கே போனாளோ பெற்றவள் என்று எரிச்சலாக வந்தது. அடுத்த துணியை உதறினேன். அப்புறம்தான் உறைத்தது. இந்தப் பக்கத்தில் வேறு கைப்பிள்ளையே இல்லை!

ஈரத்துணியோடு உள்ளே ஓடினேன். தூளிக்குள் அவள் கை காலை உதைத்துக்கொண்டு, முகமெல்லாம் சிவந்து, வாயை அகலத் திறந்து கத்திக்கொண்டிருந்தாள். கோபம்! அப்படியொரு கோபம்! என்னை ஏன் இவ்வளவு நேரம் கவனிக்கவில்லை என்று கேட்கிற கத்தல். அக்கா கரண்டியோடு பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எடுத்தராத அம்மிணி, ஒரே ஒரு நிமிசம்" என்று சொல்லிவிட்டுக் கரண்டியோடே வாசலுக்கு ஓடினார்.

எங்கள் தெருவில் நைட் ஷிஃப்ட்காரர் தூங்குகிற வீட்டுக் கதவை மத்தியானத்தில் யாரும் தட்ட மாட்டார்கள். அக்கா தன் வீட்டுக் கதவைத் தானே கரண்டியால் படபடவென்று அடித்தார். "தம்பீ! எந்திரீங்க! அழுகறா! உங்க பொண்ணு அழுகறா!"

என்னவோ ஏதோவென்று நாலு வீட்டு வாசலில் ஆட்கள் வந்துவிட்டார்கள். அவர் லுங்கியைப் பிடித்துக்கொண்டு ரோட்டைத் தாண்டி ஓடி வந்தார். காலில் செருப்பு இல்லை. தார் ரோடு சுட்டது அவருக்குத் தெரிந்த மாதிரியே இல்லை. அறை வாசலில் வந்து நின்றார். நான் அவளைக் கையில் எடுத்திருந்தேன், இன்னும் கத்திக்கொண்டுதான் இருந்தாள். அவர் அப்படியே நிலையைப் பிடித்துக்கொண்டு அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டு நின்றார். கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது, துடைக்கவில்லை.

"போதுங்க, அவளுக்குப் பசிக்குது" என்று சொல்லி மார்பில் வைத்தேன். கவ்விக்கொண்டாள். மடக் மடக்கென்று விழுங்குகிற சத்தம் அறை முழுக்கக் கேட்டது. நான் எழுப்பவில்லை, காலைத் துடைக்கவில்லை, காதைத் தேய்க்கவில்லை. கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டு குடித்தாள்.

வாசலிலிருந்து யாரோ அவரிடம், "என்ன தம்பி, தூக்கம் போச்சா?" என்று கேட்டது காதில் விழுந்தது.

"தூக்கம் கெடக்குண்ணாச்சி. எம் மவளுக்குப் பசிச்சிருக்கு!" என்றார், தெருவுக்கே கேட்கிற மாதிரி.

நைட்டு ஷிஃப்ட் இருக்கிறது, போய்ப் படுங்கள் என்று நான்தான் விரட்டினேன். மனசில்லாமல் கேட் வரைக்கும் போனவர் திரும்பி வந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

"இன்னும் ரெண்டு மணி நேரத்துல திரும்பப் பசிக்கும்லா? அப்பவும் என்னைய எழுப்பு."